ஏகாரமும் உம்மையும்

தமிழ்ப் புராட்டஸ்தாந்து வீடுகளில் இன்றும் புழங்கும் பழைய வேதாகமத்தில் ரோமர் 3:28ஐயும் யாக்கோபு 2:24ஐயும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். மனிதன் எதனால் நீதிமானாக்கப்படுகிறான் என்ற ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் கிடைக்கும். பவுல் ‘விசுவாசத்தினாலேயே’ என்கிறார். யாக்கோபு ‘கிரியைகளினாலேயும்’ என்கிறார். முன்னதில் ஏகாரம், பின்னதில் உம்மை. மேற்குலகத் திருச்சபையை இரண்டாகப் பிளந்த வழக்கு தமிழில் இந்த இரண்டு இடைச்சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது. நன்னூல் ஏகாரத்துக்கு ஆறு பொருள் சொல்லும்: பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை. பவுலின் ஏகாரம் இவற்றுள் எது? பிரிநிலை என்றால் விசுவாசம் தவிர மற்ற எதற்கும் அங்கே இடமில்லை. தேற்றம் என்றால் அது விசுவாசத்தை அழுத்திச் சொல்வதோடு நின்றுவிடும்; மற்றவற்றை வெளியே தள்ளிக் கதவடைக்காது.

கிரேக்க மூலத்துக்குப் போனால் சிக்கல் கூடுகிறது. ரோமர் 3:28இல் பவுல் எழுதியது ‘விசுவாசத்தால்’ என்று வேற்றுமை ஏற்ற ஒற்றைச் சொல். ‘மட்டும்’ என்று பொருள்படும் ‘மோனொன்’ அங்கே இல்லை. ‘விசுவாசம்’ என்பதோடு அந்தச் சொல் சேர்ந்து வருவது புதிய ஏற்பாடு முழுவதிலும் ஒரே இடத்தில்தான். அது யாக்கோபு 2:24. அங்கேயும் மறுப்பாகத்தான் வருகிறது. இது தெரிந்தே மார்ட்டின் லூத்தர் 1522 செப்டம்பரில் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ரோமர் 3:28க்குள் ‘அல்லைன்’, அதாவது ‘மட்டும்’, என்ற சொல்லைச் சேர்த்தார். வேதத்தில் கைவைத்துவிட்டார் என்று கண்டனம் எழுந்தது. 1530இல் கோபுர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது, மொழிபெயர்ப்பு பற்றிய திறந்த மடல் ஒன்றில் அவர் பதில் சொன்னார். இரண்டு பொருள்களில் ஒன்றை உடன்பட்டு மற்றதை மறுக்கும்போது, ஜெர்மன் பேச்சில் ‘மட்டும்’ தானாக வந்து விழும் என்பது அவர் வாதம். உழவன் தானியம் மட்டும் கொண்டுவருகிறான், பணம் கொண்டுவரவில்லை என்பதுபோல.

மொழிபெயர்ப்பாளரின் இந்த வாதம் வலுவானது. ‘கிரியைகளில்லாமல்’ என்ற மறுப்பு முன்னே வந்துவிட்ட பிறகு, ஏகாரம் இல்லாவிட்டால் அந்த வாக்கியம் தமிழிலும் நொண்டும். லூத்தருக்கு முன்பே ஒரிஜென் தொடங்கித் தாமஸ் அக்வினாஸ் வரை பலர் இந்தக் கருத்தை விளக்கும்போது ‘மட்டும்’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயர்களைத் தொகுத்துத் தந்தவர் ஜோசப் ஃபிட்ஸ்மையர் என்ற இயேசு சபைத் துறவி. 1993இல் வெளிவந்த அவருடைய ரோமர் உரையில் அந்தப் பட்டியல் இருக்கிறது. ஆகவே சொல்லைச் சேர்த்தது குற்றமா என்பதில் நேரம் செலவிட வேண்டியதில்லை. அந்த ‘மட்டும்’ எதை வெளியே நிறுத்தியது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அது நற்செயலை வெளியே நிறுத்தியது என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். என் வாசிப்பில் அது வெளியே நிறுத்தியது நற்செயலின் கணக்கேட்டை.

லூத்தர் துறவியானதே ஓர் அச்சத்தில் பிறந்த நேர்த்திக்கடனால்தான். 1505 ஜூலையில், 21 வயதுச் சட்ட மாணவனாக, ஷ்டோட்டர்ன்ஹைம் என்ற ஊரருகே இடிமழையில் சிக்கினார். புனித அன்னாளைக் கூப்பிட்டு, பிழைத்தால் துறவியாவேன் என்று வாக்குக் கொடுத்தார். பதினைந்து நாளில் எர்ஃபுர்ட் நகரின் அகுஸ்தீனார் மடத்தில் சேர்ந்துவிட்டார். அங்கே அவர் படித்த இறையியல் கேப்ரியல் பீல் என்ற அறிஞரின் வழிவந்தது. தன்னால் இயன்றதைச் செய்பவனுக்குக் கடவுள் கிருபையை மறுப்பதில்லை என்பது அந்த வழியின் அடிப்படை விதி. கேட்பதற்கு எவ்வளவு ஆறுதலான விதி! மலையைத் தூக்கச் சொல்லவில்லை, உன்னால் முடிந்ததைச் செய் என்றுதான் சொல்கிறது. ஆனால் மனச்சாட்சி கூர்மையாக உள்ளவனுக்கு இதைவிடக் கொடிய விதி கிடையாது. என்னால் இயன்றதை முழுக்கச் செய்துவிட்டேன் என்று எந்த இரவில் நான் உறுதியாகச் சொல்ல முடியும்? இன்னும் ஒரு நாழிகை விழித்திருந்து செபித்திருக்கலாம். இன்னும் ஒரு வேளை பட்டினி கிடந்திருக்கலாம். செய்த செபத்திலும் நரகத்துக்கு அஞ்சிய தன்னலம் கலந்திருந்ததே.

லூத்தர் இந்த வாதையைப் பாவசங்கீர்த்தனத்தில் கொட்டினார். ஒரே அமர்வில் மணிக்கணக்காகத் தம் பாவங்களை அடுக்கினார். எழுந்து போன பிறகு விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வந்து திரும்பி வந்தார். அவருடைய மேலாளரும் ஆன்ம வழிகாட்டியுமான யோஹான் ஃபான் ஷ்டௌபிட்ஸ் பொறுமைசாலி. உன் பாவங்களை எண்ணாதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். லூத்தர் பிற்காலத்தில் பெற்ற தெளிவின் விதை இந்தக் கத்தோலிக்கத் துறவியிடமிருந்து விழுந்தது என்பதை லூத்தரே நன்றியோடு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1512இல் விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றுச் சங்கீதங்கள், ரோமர், கலாத்தியர் என்று வரிசையாகப் பாடம் நடத்தும்போது ஒரு சொல் அவரை மறித்தது. ‘தேவநீதி.’ ரோமர் 1:17இல் சுவிசேஷத்தில் தேவநீதி வெளிப்படுகிறது என்று பவுல் எழுதுகிறார். நீதி என்றால் நீதிபதியின் நீதி, தண்டிக்கும் நீதி என்றே லூத்தர் படித்திருந்தார். அப்படியானால் சுவிசேஷமும் இன்னொரு சாட்டைதானா? அந்தக் கடவுளைத் தாம் வெறுத்ததாகவே அவர் 1545இல் தம் லத்தீன் நூல்தொகுப்பின் முன்னுரையில் எழுதினார். இரவும் பகலும் அந்த வசனத்தைக் குடைந்தபோது, தேவநீதி என்பது கடவுள் வைத்துக்கொண்டு அளக்கும் நீதியன்று, அவர் மனிதனுக்குக் கொடுக்கும் நீதி என்ற பொருள் திறந்ததாம். ஈட்ட வேண்டிய பொருளாக நினைத்திருந்தது கொடையாக வந்து நின்றது. இப்படிப் படிக்க அவருக்குத் துணைநின்றவர், மனிதனின் சுய முயற்சியைப் பெரிதாகப் பேசிய பெலேஜியஸை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எதிர்த்து வாதாடிய அகுஸ்தீன். பெலேஜியஸின் போதனையை 418இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்துவிட்டது. கிருபை முந்துகிறது என்பது லூத்தரின் கண்டுபிடிப்பன்று. திருச்சபையின் பழைய சொத்து.

ஆனால் அந்தப் பழைய சொத்தின்மேல் ஒரு பெரிய வணிகம் ஏறி உட்கார்ந்திருந்தது. கிறிஸ்துவும் புனிதர்களும் ஈட்டிவைத்த பேறுகள் ஒரு கருவூலமாக இருக்கின்றன, அதைப் பகிர்ந்தளிக்கும் அதிகாரம் திருத்தந்தைக்கு உண்டு என்று 1343இல் ஆறாம் கிளெமென்ட் அறிவித்தார். 1476இல் நான்காம் சிக்ஸ்துஸ் இந்தப் பலனை உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் இறந்தவர்களுக்கும் நீட்டினார். கத்தோலிக்க வழக்கில் இதற்குப் பேறுபலன் என்று பெயர். புராட்டஸ்தாந்து வழக்கில் பாவமன்னிப்புச் சீட்டு. 1517இல் யோஹான் டெட்சல் என்ற தொமினிக்கன் துறவி ஜெர்மன் ஊர்களில் விற்ற சீட்டின் வருமானம், வெளியே சொன்னபடி ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்கு. பாதி, பிராண்டன்பெர்கின் ஆல்பிரெக்ட் மைன்ஸ் பேராயர் பதவி பெறுவதற்காக ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் வாங்கிய கடனை அடைக்கப் போனது. அவ்வளவு ஏன், லூத்தரை ஆதரித்த சாக்சனி ஆட்சியாளர் பிரெடெரிக் விட்டன்பெர்க் கோட்டைக் கோயிலிலேயே ஏறத்தாழ 19,000 புனிதப் பண்டங்களைச் சேர்த்துவைத்திருந்தார். அவற்றை முறைப்படி தரிசித்தால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் எத்தனை ஆண்டு குறையும் என்பதற்குக் கணக்கு இருந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 31 தேதியிட்ட 95 கருத்துரைகளை வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்காமல் போகிறார்கள். 43ஆம் கருத்துரை, சீட்டு வாங்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பதும் தேவைப்பட்டவனுக்குக் கடன் தருவதும் மேல் என்கிறது. 45ஆம் கருத்துரை, எளியவனைக் கண்டும் காணாமல் கடந்துபோய்ச் சீட்டுக்குப் பணம் கொடுப்பவன் கடவுளின் கோபத்தையே வாங்குகிறான் என்கிறது. நற்கிரியைகளின் எதிரி என்று பெயர்பெற்ற மனிதர் உலகத்தின் முன் வந்து நின்ற முதல் நாளில் பேசியது நற்கிரியைக்காக! மூன்றாண்டு கழித்து, 1520இல், ‘நற்கிரியைகள்’ பற்றித் தனி நூலே எழுதினார். கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றிய நூலும் அதே ஆண்டில் வந்தது. அவர் வாதத்தை என் சொற்களில் சொன்னால் இப்படி: கடவுளுக்கு உன் நற்செயல் தேவையில்லை, உன் அயலானுக்குத் தேவை. உன் மீட்பு தீர்ந்துபோன விஷயம் என்றால் உன் கைகள் இரண்டும் காலியாகிவிடுகின்றன. இனி அவை பிறருக்காக வேலை செய்யலாம். மீட்புக்காக ஒருவன் தருமம் செய்தால், வாங்குகிற ஏழை அவனுக்கு ஒரு படிக்கட்டு. மீட்கப்பட்டவன் கொடுத்தால், ஏழை ஏழையாகவே அவன் கண்ணில் படுகிறார்.

இது மேடைப் பேச்சாக நின்றுவிடவில்லை. 1522இல் விட்டன்பெர்கிலும் 1523இல் லைஸ்னிக் என்ற சிற்றூரிலும் பொதுப்பெட்டி ஒழுங்குகள் எழுதப்பட்டன. லைஸ்னிக் ஒழுங்குக்கு லூத்தரே முன்னுரை தந்தார். இறந்தோருக்கான பூசைகளுக்கு எழுதிவைக்கப்பட்ட சொத்து ஒரு பெட்டிக்குள் வந்தது. அதிலிருந்து அனாதைகளுக்கும் முதியவர்களுக்கும் பள்ளிக்கும் செலவானது. பிச்சையெடுத்தல் தடைசெய்யப்பட்டது. கொடுப்பவனுக்குப் புண்ணியம் சேர்க்கும் வாய்ப்பாகப் பிச்சைக்காரன் இருந்த நிலை போய், அவனைக் காப்பது ஊரின் கடமை ஆனது.

இதே அனுபவத்தைப் பெற்றும் திருச்சபையை விட்டு விலகாத ஒருவர் உண்டு. அவரைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை ஒருபக்கக் கதையாகிவிடும். கஸ்பாரோ கொந்தாரினி வெனிஸின் பிரபுக் குடும்பத்து இளைஞர். அவருடைய நெருங்கிய நண்பர் பவோலோ ஜுஸ்தினியானி உலகைத் துறந்து கமால்தோலி மலைமடத்தில் சேர்ந்தார். இவ்வளவு தவம் செய்தும் என் பழைய பாவங்களுக்கு ஈடாகுமா என்று அஞ்சுவதாக அந்த நண்பர் எழுதிய கடிதம் கொந்தாரினியைக் கலக்கியது. அவரே அப்படி அஞ்சினால் வீட்டில் இருக்கும் நான் எங்கே? 1511ஆம் ஆண்டு பெரிய சனிக்கிழமையன்று கொந்தாரினி பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். பேர் தெரியாத ஒரு குருவோடு பேசியதில் அவருக்கு விடிந்தது. எத்தனை தவம் செய்தாலும் ஒரு மனிதனால் ஈடுகட்ட முடியாது. கிறிஸ்துவின் பாடுகள் போதும், போதுமானதற்கும் மேல். நான் செய்ய வேண்டியது அவரைப் பற்றிக்கொண்டு அன்பு செலுத்துவது. அந்த நிம்மதியோடு நகரத்திலேயே வாழ அவர் முடிவெடுத்தார். அப்போது லூத்தரின் பெயர் ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது. இருபதாம் நூற்றாண்டில் ஹூபர்ட் யெடின் என்ற வரலாற்றறிஞர் இந்தக் கடிதங்களை வெளிக்கொண்டுவந்தபோது, இரண்டு முகாம்களின் பழைய கதைகளும் ஆட்டங்கண்டன.

கொந்தாரினி பிறகு கர்தினால் ஆனார். 1541இல் ரேகன்ஸ்பூர்க் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இரு தரப்பு இறையியலாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்தபோது, திருத்தந்தையின் தூதராகப் போனவர் அவரே. புராட்டஸ்தாந்துப் பக்கம் மெலாங்தன், பூட்சர், பிஸ்டோரியஸ். கத்தோலிக்கப் பக்கம் எக், குரோப்பர், ஃப்ளூக். மே 2ஆம் தேதி, நீதிமானாக்கப்படுதல் பற்றிய ஐந்தாம் பிரிவில் இரு தரப்பும் உடன்பட்டன! வரலாற்றில் ஒரு நாள் அந்தக் கதவு திறந்துதான் இருந்தது. பேச்சு நற்கருணையிலும் திருச்சபையின் அதிகாரத்திலும் போய் முட்டி உடைந்தது. ஐந்தாம் பிரிவை ரோமும் ஏற்கவில்லை. லூத்தரும் ஒட்டுப்போட்ட வேலை என்று தள்ளினார். மறு ஆண்டு கொந்தாரினி இறந்துபோனார்.

1547 ஜனவரி 13இல் திரெந்து பொதுச்சங்கத்தின் ஆறாம் அமர்வு தீர்ப்பெழுதியது. 16 அதிகாரங்கள், 33 விதிகள். எந்த ஒத்துழைப்பும் தேவையில்லை என்ற பொருளில் ‘விசுவாசம் மட்டும்’ என்பவனை 9ஆம் விதி சபித்தது. புராட்டஸ்தாந்துப் பிரசங்கங்களில் இந்த விதி அடிக்கடி காட்டப்படும். முதல் விதியை யாரும் காட்டுவதில்லை: கிருபையில்லாமல் தன் சொந்தக் கிரியைகளால் நீதிமானாகலாம் என்பவனையும் அதே சங்கம் அதே நாளில் சபித்தது. நீதிமானாக்கப்படுவதற்கு முன் வரும் எதுவும், விசுவாசமோ கிரியையோ, அந்தக் கிருபையை ஈட்டுவதில்லை என்று எட்டாம் அதிகாரம் சொல்கிறது. ‘கத்தோலிக்கர் கிரியையால் மீட்பு என்கிறார்கள்’ என்று சொல்லித் திரிவது பொய்ச்சாட்சி. பிரிந்த இடம் வேறு. கடவுள் மனிதனை நீதிமான் என்று தீர்ப்புச் சொல்கிறாரா, நீதிமானாக உள்ளுக்குள் மாற்றுகிறாரா? கிரேக்க வினை நீதிமன்றத் தீர்ப்பின் வாடை உடையது; லத்தீன் சொல்லுக்குள் ‘செய்தல்’ ஒளிந்திருக்கிறது. லூத்தரும் மெலாங்தனும் தீர்ப்பைப் பிடித்தார்கள், திரெந்து மாற்றத்தைப் பிடித்தது. தமிழில் ஒரு விந்தை நடந்திருக்கிறது. புராட்டஸ்தாந்தாரின் பழைய வேதாகமம் ‘நீதிமானாக்கு’ என்கிறது. ‘ஆக்கு’ லத்தீன் பக்கத்துச் சொல். கத்தோலிக்கர் பெரிதும் வாசிக்கும் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் ‘ஏற்புடையவர்’ என்கிறது. ஏற்பு என்பது லூத்தரின் காதுக்கு இனித்திருக்கும். மொழிபெயர்ப்பில் இரு தரப்பும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

லூத்தரின் ஏகாரம் தப்பாகப் புரியப்பட்டது உண்மை. 1520களின் இறுதியில் சாக்சனி ஊர்களைப் பார்வையிடப் போனபோது, மக்கள் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் கலையை மட்டும் நன்றாகக் கற்றிருக்கிறார்கள் என்று அவரே நொந்தார். 1529இல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசம் பத்துக் கட்டளைகளோடு தொடங்குவது தற்செயலன்று. அவர் இறந்த பின் சீடர்கள் இரு துருவங்களுக்கு ஓடினார்கள். மீட்புக்கு நற்கிரியை அவசியம் என்றார் கியோர்க் மேயோர். மீட்புக்கு நற்கிரியை கேடு என்றே எழுதினார் நிக்கோலாஸ் ஃபான் ஆம்ஸ்டோர்ஃப். 1577இன் உடன்பாட்டு அறிக்கை இரண்டையும் தள்ளியது. விசுவாசம் மரம், கிரியை கனி. கனி மரத்தை உண்டாக்காது, கனியில்லாத மரம் உயிருள்ளதுமன்று. இந்த இடத்தில் யாக்கோபு பவுலோடு கைகோக்கிறார். வைக்கோல் நிருபம் என்று 1522 முன்னுரையில் லூத்தர் அவரைத் தள்ளிவைத்தது அநியாயம். யாக்கோபு எதிர்த்தது குளிரில் நிற்பவனிடம் சுகமாயிரு என்று சொல்லி அனுப்பும் வாய்ச்சொல் விசுவாசத்தை. பவுலும் அதை விசுவாசம் என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். நாஜி ஆட்சியில் ஜெர்மன் திருச்சபை பெரும்பாலும் வாய்மூடி இருந்தபோது, லூத்தரன் போதகரான டீட்ரிஷ் போன்ஹோஃபர் 1937இல் ‘மலிவான கிருபை’ என்று எழுதியது இந்த வாய்ச்சொல்லைத்தான். 1945 ஏப்ரல் 9இல் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

இனிப் பவுலிடம் திரும்ப வேண்டும், ஏனென்றால் கேள்வியே இடம் மாறிவிட்டது. 1963இல் கிறிஸ்டர் ஸ்டெண்டால் என்ற சுவீடன் நாட்டு அறிஞர், மனச்சாட்சி வதைக்கும் துறவியின் கண்ணாடி வழியாகவே மேற்குலகம் பவுலைப் படிக்கிறது என்று எழுதினார். 1977இல் ஈ. பி. சாண்டர்ஸ், பவுல் காலத்து யூதமும் கடவுளின் கிருபையான உடன்படிக்கையிலிருந்துதான் தொடங்கியது என்று யூத நூல்களிலிருந்தே எடுத்துக்காட்டினார். யூதரைப் புண்ணியக் கணக்கர்களாகச் சித்தரித்த நூற்றாண்டுகளின் பிரசங்கம் அதோடு சாய்ந்தது. லூத்தர் தம் மடத்தின் நோயை யூதர்மேல் ஏற்றிவைத்தார். 1543இல் அவர்களுக்கு எதிராக அவர் எழுதிய கொடிய நூலை எந்த விளக்கமும் மன்னிக்காது. அப்படியானால் பவுல் மறுத்த ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்’ எவை? 1982இல் ஜேம்ஸ் டன் சொன்ன விடை: விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் ஆகிய எல்லைக்கற்கள். யார் உள்ளே, யார் வெளியே என்று காட்டும் அடையாளங்கள்.

இதற்குச் சான்று கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. மனிதன் விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுகிறான் என்று பவுல் அந்நிருபத்தில் முதன்முதலாகச் சொல்வது 16ஆம் வசனத்தில். அதற்கு முன்னே, 11ஆம் வசனத்திலிருந்து, ஒரு பந்தியின் கதை. அந்தியோக்கியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் அஞ்சி எழுந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் அவர் பின்னே போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்த்தார். விசுவாசத்தால் நீதிமானாகும் கோட்பாடு அந்த நிருபத்துக்குள் நுழைவது ஒரு சாப்பாட்டுப் பந்தியிலிருந்து; யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற சண்டையிலிருந்து.

டன்னின் விளக்கம் லூத்தரைச் செல்லாக்காசாக்கிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. புண்ணியக் கணக்கேடும் எல்லைக்கல்லும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இன்னாரைவிட நான் மேல் என்பதற்கு இரண்டும் சாட்சி சொல்கின்றன. ஆனால் தமிழனாக இந்த அதிகாரத்தை வாசிக்கும்போது, லூத்தரின் மடத்து அறையைவிட அந்தியோக்கியாவின் பந்திதான் எனக்கு நெருங்கி வருகிறது.

லூத்தரின் ஏகாரம் தமிழ்நாட்டுக்கு வந்தது 1706 ஜூலை 9இல், பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியபோது. இரண்டு ஆண்டுகளுக்குள் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் சீகன்பால்கு ஜெர்மனில் பெயர்த்தார். அவை 1930இல்தான் அச்சேறின. விசுவாசமே போதும் என்று சொல்லவந்தவர் இந்த மண்ணின் அறநூல்களைக் கண்டு வியந்து நின்றார். 1712 முதல் அவர் திரட்டிய கடிதங்களில் தமிழர்கள் திரும்பக் கேட்டதும் நடத்தை பற்றியே: இங்கே வந்திருக்கும் கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், ஆசாரமில்லாமல் வாழ்கிறார்கள், உங்கள் வேதம் இவர்களுக்கு என்ன செய்தது? யாக்கோபின் கேள்விதான் அது. மறுபக்கம் வீரமாமுனிவர் வேதவிளக்கமும் லூதேரினத்தியல்பும் எழுதி லூத்தரன்களை மறுத்தார். ஐரோப்பாவின் வழக்கு தமிழ் உரைநடையில் நடந்தது.

ஆனால் உண்மையான சோதனை பந்தியில் வந்தது. தஞ்சை, திருச்சி, வேப்பேரிச் சபைகளில் வேளாளக் கிறிஸ்தவரும் பறையர் கிறிஸ்தவரும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். திருவிருந்துப் பாத்திரம் முதலில் வேளாளருக்குப் போனது. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும், அதில் தாமதமில்லை என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் பெரும்பாலான வேளாளர் எதிர்த்தார்கள். சரபோஜி மன்னரின் அவைப் புலவரும் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரின் மாணவருமான வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கத்துக்காக வாதாடி எழுதியிருக்கிறார். 1840களில் லைப்சிக் லூத்தரன் மிஷன் வந்ததும் அதிருப்தியுற்ற பலர் அங்கே போனார்கள். அதன் இயக்குநர் கார்ல் கிரால், திருக்குறளை 1856இல் ஜெர்மனில் பெயர்த்தவர், தமிழைப் போற்றியவர். சாதி ஒரு சமூக வழக்கம், அதை விடுவதைத் திருவிருந்துக்கு நிபந்தனையாக்கக் கூடாது, சுவிசேஷம் உள்ளிருந்து மெல்ல மாற்றட்டும் என்பது அவர் நிலை.

வில்சனின் பின்னால் ஆளும் அரசின் நிழல் இருந்தது. கிராலின் அச்சத்தில் ஒரு நியாயமும் இருந்தது. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கிருபைக்கு நிபந்தனை கூடாது என்ற வாதத்தைப் பந்தி பிரிப்பவனுக்குக் கேடயமாகக் கொடுத்தது பவுலைத் தலைகீழாக்கிய செயல். அந்தியோக்கியாவில் நிபந்தனை விதித்தது பவுல் அல்ல, எழுந்து விலகிய பேதுரு. தனிப் பாயில் உட்கார்ந்த வேளாளர்தான், என்னைப்போல் பிறந்தால் என்னோடு உட்காரலாம் என்று கிருபைக்கு நிபந்தனை போட்டவர்.

1999 அக்டோபர் 31இல் அவுக்ஸ்பூர்க் நகரில் வத்திக்கானும் லூத்தரன் உலகப் பேரமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட இறையியல் பேராசிரியர்கள் எதிர்த்திருந்தும் அது நடந்தது. மீட்பு கிருபையால் மட்டும், கிறிஸ்துவில் வைக்கும் விசுவாசத்தால், நம் தகுதியால் அன்று என்று இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டு, பதினாறாம் நூற்றாண்டின் சாபங்கள் அந்த அறிக்கை சொல்லும் போதனையைத் தொடுவதில்லை என்றன. 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளும் சேர்ந்தார்கள். 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை அந்தப் பேரமைப்பின் உறுப்பு. ஆகவே அது நம் கையெழுத்தும்தான். ஏகாரமும் உம்மையும் 450 ஆண்டு கழித்து ஒரே தாளில் உட்கார்ந்துவிட்டன. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவர்களுக்கே சாதிவாரியாகத் தனிக் கல்லறைகள் இன்னும் இருக்கின்றன.

போதகர்களிடமும் குருக்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த சீர்திருத்த நாளன்று கலாத்தியர் 2:16ஐப் பிரசங்கத்துக்கு எடுத்தால், வாசிப்பை 11ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள். பேதுரு பந்தியிலிருந்து எழுந்துபோனதைச் சபை முழுவதும் முதலில் கேட்கட்டும்.